நாயும் நீங்களும் சேர்ந்து விளையாட ஒரு வகுப்பு: சில பயனுள்ள குறிப்புகள்

காலையில் தெருமுனை வரை ஒரு நடை, மாலையில் இன்னொரு நடை. நடுவில் உள்ள பொழுதெல்லாம் கம்பிக் கதவுக்குப் பின்னால். நம் ஊரில் பெரும்பாலான வீட்டு நாய்களின் நாள் இப்படித்தான் போகிறது. அப்புறம் செருப்பைக் கடிக்கிறது, காலிங் பெல் அடித்தால் ஓயாமல் குரைக்கிறது, வாக்கிங் போனால் தோள்பட்டை கழன்றுவிடும்போல இழுக்கிறது என்று வருத்தப்படுகிறோம். ராஜபாளையம் காட்டுப்பன்றி வேட்டைக்கு வளர்க்கப்பட்ட இனம். சுட்டு வீழ்த்திய பறவையைச் சேதமில்லாமல் கவ்வி வரப் பழக்கப்பட்டது லேப்ரடார். முயலின் வாசம் பிடித்துப் போவது பீகிளின் பரம்பரைத் தொழில். வேலைக்கென்றே உருவான உடம்பும் மூளையும் சும்மா இருக்காது. நாம் வேலை கொடுக்காவிட்டால் அதுவே ஒன்றைத் தேடிக்கொள்ளும்.

அந்த வேலையைத்தான் நாய் விளையாட்டு வகுப்புகள் கொடுக்கின்றன. சென்னை, கோவை, பெங்களூரு போன்ற ஊர்களில் தனியார் பயிற்சியாளர்கள் இப்போது இவற்றை நடத்துகிறார்கள். சேர்கிறவர்கள் எல்லாரும் கோப்பை வாங்கப் போவதில்லை, வாங்கவும் வேண்டாம். இந்த வகுப்புகளில் நாயைவிட அதிகமாகக் கற்றுக்கொள்வது கயிற்றின் மறுமுனையில் நிற்பவர்தான் என்பது என் உறுதியான எண்ணம். தன் நாய் எப்போது மகிழ்கிறது, எப்போது பயப்படுகிறது, எப்போது ‘போதும்’ என்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொண்டவர் வீட்டில் பாதிப் பிரச்சினைகள் வருவதே இல்லை.

1. எந்த விளையாட்டு என்ன கேட்கும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அஜிலிட்டி என்பது தடை ஓட்டம். தாண்டுகம்பிகள், சுரங்கக் குழாய், சீசா பலகை, வரிசையாக நட்ட 12 கம்புகள் என ஒரு தடத்தை நாய் கயிறில்லாமல் ஓடி முடிக்க வேண்டும். கூடவே ஓடுகிறவர் அதைத் தொடக் கூடாது. குரலாலும் கையசைவாலும் மட்டுமே வழிகாட்டலாம். 1978-ல் லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் இது பிறந்தது. இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே கூட்டத்தை உட்கார வைக்க ஏதாவது வேண்டும் என்று ஜான் வார்லி என்ற குழு உறுப்பினர் நினைத்தார். பீட்டர் மீன்வெல் என்ற பயிற்சியாளரின் துணையோடு, குதிரைகளின் தடை தாண்டும் போட்டியை நாய்களுக்கு ஏற்ற மாதிரி அமைத்தார். மக்களுக்குப் பிடித்துப்போய், 1980-லேயே பிரிட்டனின் கென்னல் கிளப் அதை முறையான போட்டியாக ஏற்றுக்கொண்டது.

ராலி ஒபீடியன்ஸில் ஓட்டம் இல்லை. தடத்தில் எண் போட்ட அட்டைகள் இருக்கும். ‘நில்’, ‘உட்கார வை’, ‘வலப்பக்கம் சுற்று’ என்று அட்டை சொல்வதைச் செய்தபடி நாயும் நாமும் சேர்ந்து நடந்து போக வேண்டும். நாயோடு பேசலாம், தாராளமாகப் பாராட்டலாம். மூட்டு வலி உள்ளவர்களும் செய்யக்கூடியது இது.

ஃப்ளைபால் நான்கு நாய்கள் கொண்ட தொடர் ஓட்டம். தடைகளைத் தாண்டிப் போய், ஒரு பெட்டியை மிதித்து, அதிலிருந்து பாயும் பந்தைக் கவ்விக்கொண்டு திரும்ப வேண்டும். குரைப்பும் கூச்சலும் காதைப் பிளக்கும். சத்தத்துக்கு மிரளும் நாயை இதில் சேர்க்க வேண்டாம்.

நோஸ் ஒர்க் என்பது மோப்ப விளையாட்டு. போலீஸ் மோப்ப நாய் செய்யும் வேலையை வீட்டு நாய்க்கான ஆட்டமாக மாற்றியது. ஒளித்துவைத்த தின்பண்டத்தையோ ஒரு குறிப்பிட்ட வாசனையையோ நாய் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

2. எதில் சேர்வது என்று குழம்பினால் மோப்ப விளையாட்டில் தொடங்குங்கள்.

நம் வெயிலுக்கு இதுதான் பொருத்தம். விசிறி சுழலும் அறைக்குள்ளேயே செய்யலாம். ஒரு நேரத்தில் ஒரு நாய்தான் தேடும் என்பதால் கூச்ச சுபாவமுள்ள நாயும், மற்ற நாய்களைக் கண்டால் சீறும் நாயும்கூடக் கலந்துகொள்ள முடியும். வயதான நாய், ஒரு காலை இழந்த நாய், கண் தெரியாத நாய் என்று யாரையும் இது ஒதுக்குவதில்லை.

2019-ல் சார்லோட் டுரான்டனும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸும் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்குப் பக்கபலம். 20 வீட்டு நாய்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இரண்டு வாரம் மோப்ப விளையாட்டும் மறு பாதிக்குக் காலோடு ஒட்டி நடக்கும் பயிற்சியும் கொடுத்தார்கள். ஓரிடத்தில் வைத்த கிண்ணத்தில் எப்போதும் உணவு உண்டு, இன்னோர் இடத்தில் வைத்தால் இல்லை என்று நாய்களுக்கு முன்பே பழக்கியிருந்தார்கள். பிறகு இரண்டுக்கும் நடுவே கிண்ணத்தை வைத்துப் பார்த்தால், மோப்பம் விளையாடிய நாய்கள் முன்னைவிட வேகமாக அதை நோக்கிப் போயின. அதாவது, ‘அதில் ஏதாவது இருக்கும்’ என்று நம்பிப் போயின. தானாகத் தேடி, தானாக முடிவெடுத்து, தானாகக் கண்டுபிடிப்பது நாயின் மனநிலையையே நம்பிக்கையின் பக்கம் திருப்புகிறது. தெருவில் அடிபட்டு, பயந்து வந்த நாய்களை வளர்ப்பவர்களுக்கு இது சாதாரணச் செய்தி இல்லை.

3. மோப்ப விளையாட்டின் முதல் பாடத்தை இன்றைக்கே வீட்டில் செய்து பார்க்கலாம்.

கடையிலிருந்து சாமான் வந்த நாலைந்து அட்டைப் பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பின், ஸ்டேப்ளர் கம்பி, ஒட்டும் டேப் எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். பெட்டிகளைத் திறந்தபடியே ஹாலில் பரப்பி, ஒன்றில் மட்டும் வேகவைத்த கோழி ஈரல் ஒரு துண்டு வையுங்கள். நாயை உள்ளே விட்டுவிட்டு, பேசாமல் நில்லுங்கள். விரலால் காட்டக் கூடாது, ‘அங்கே அங்கே’ என்று சொல்லக் கூடாது. கண்டுபிடித்துத் தின்றதும், அந்தப் பெட்டிக்குள்ளேயே இன்னொரு துண்டைப் போட்டுப் பாராட்டுங்கள். அடுத்த முறை பெட்டியை இடம் மாற்றுங்கள். சில நாட்கள் கழித்துப் பெட்டியைப் பாதி மூடி வைக்கலாம், நாற்காலிக்கு அடியில் தள்ளலாம்.

எங்கள் குடியிருப்பில் ஓர் அம்மா தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் மணி என்ற நாய், புது இடம் என்றாலே வாலை இரண்டு காலுக்கு நடுவே இடுக்கிக்கொள்ளும். வகுப்பில் முதல் முறை பெட்டிகளைக் கண்டதும் அந்த அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டது. அவர் குனிந்து அதைத் தள்ளப் பார்த்தார். “அம்மா, நீங்க சும்மா நில்லுங்க. நேரம் ஆகட்டும், அவனே போவான்” என்றார் பயிற்சியாளர். எல்லாரும் அமைதியாக இருந்தோம். முதலில் மூக்கு மட்டும் முன்னால் நீண்டது, உடம்பு பின்னாலேயே இருந்தது. காற்றில் இரண்டு முறை உறிஞ்சியது. பிறகு ஓர் அடி, இன்னோர் அடி. மூன்றாவது பெட்டியைக் கடந்தபோது தலை சட்டென்று பின்னுக்குத் திரும்பியது. மூச்சுச் சத்தம் மாறி, குட்டை குட்டையாக வேகமாகக் கேட்டது. இடுக்கியிருந்த வால் மெல்ல மேலே வந்தது. தலையைப் பெட்டிக்குள் விட்டுத் துண்டை எடுத்த பிறகு மணி ஓடி ஒளியவில்லை, அடுத்த பெட்டியை முகரப் போனது. அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

4. சேர்க்கும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

தடுப்பூசி அட்டை சரியாக இருக்கிறதா, வெறிநோய்த் தடுப்பூசி இந்த ஆண்டுக்குப் போட்டாயிற்றா என்று பார்க்கச் சொல்லுங்கள். நாய்க்குட்டியானால், எத்தனை தவணை முடிந்த பிறகு மற்ற நாய்கள் வரும் இடத்துக்கு அழைத்துப் போகலாம் என்று கேளுங்கள். பார்வோ நோய் குட்டிகளை வெகு வேகமாகக் கொண்டுபோய்விடும். உண்ணிக்கு மருந்து போட்டிருப்பதும் அவசியம், உண்ணிக் காய்ச்சல் நம் ஊரில் சர்வ சாதாரணம். லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் வளர்ப்பவர்கள் இடுப்பு மூட்டைக் கட்டாயம் பரிசோதியுங்கள். எடை கூடிய நாயைத் தாண்ட விடக் கூடாது, முதலில் எடை குறையட்டும்.

5. வளரும் குட்டியைக் குதிக்க வைக்காதீர்கள்.

எலும்பின் நுனியில் வளர்ச்சி நடக்கும் பகுதி மூடிக்கொள்ள, இனத்தைப் பொறுத்து ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயது வரை ஆகும். பெரிய இனங்களுக்கு இன்னும் தாமதமாகலாம். அதற்கு முன்னால் திரும்பத் திரும்ப உயரத் தாண்டினால் மூட்டுக்கு நிரந்தரக் கேடு. குட்டிக்குத் தரையில் வைத்த கம்பியைக் கடப்பது, சுரங்கத்துக்குள் நுழைந்து வருவது, வெவ்வேறு தரைகளில் நடப்பது போதும். குட்டியை முழு உயரம் தாண்டச் சொல்லும் பயிற்சியாளரிடமிருந்து உடனே விலகிவிடுங்கள்.

6. முதலில் நாய் இல்லாமல் போய் ஒரு வகுப்பைப் பாருங்கள்.

பணம் கட்டும் முன் செய்ய வேண்டிய மிக முக்கியமான வேலை இதுதான். அரை மணி நேரம் ஓரமாக நின்று நாய்களைப் பாருங்கள். வால் எப்படி இருக்கிறது? பயிற்சியாளர் பக்கத்தில் வந்தால் நாய் அவரிடம் போகிறதா, பின்வாங்குகிறதா? தப்பு செய்த நாய்க்கு என்ன நடக்கிறது? கழுத்தை இறுக்கும் சங்கிலி, முள் பட்டை, ஷாக் கொடுக்கும் பட்டை எது கண்ணில் பட்டாலும் திரும்பி வந்துவிடுங்கள். வலிக்குப் பயந்து கட்டுப்படும் நாய் கற்றுக்கொண்டதாகத் தோன்றும். ஆனால் அந்தப் பயம் ஒருநாள் வீட்டுக் குழந்தையின் மேல் கடியாகத் திரும்பலாம்.

நல்ல வகுப்பில் நாய்கள் குறைவாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் இடைவெளி இருக்கும். நிழலும் தண்ணீரும் இருக்கும். தரை வழுக்காது. ‘ஏன் இப்படிச் செய்கிறோம்’ என்று கேட்டால் பயிற்சியாளர் பொறுமையாகப் பதில் சொல்வார். ‘நாயை இங்கே விட்டுட்டுப் போங்க சார், ஒரு மாசத்துல ரெடி பண்ணித் தர்றேன்’ என்பவரிடம் போக வேண்டாம். அங்கே நாய் கற்றாலும் நீங்கள் கற்கப் போவதில்லை.

7. வகுப்புக்கான தின்பண்டத்தை வீட்டிலேயே தயாரியுங்கள்.

எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறியை உப்பு, மசாலா எதுவும் இல்லாமல் வேகவைத்து, அரைக் கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். நாய்க்கு அளவைவிட எண்ணிக்கைதான் சந்தோஷம். ஒரு பெரிய துண்டைவிட ஐந்து சின்னத் துண்டுகள் நன்றாக வேலை செய்யும். ஈரலை வேகவைத்து வாணலியில் எண்ணெயில்லாமல் சிறு தீயில் உலர்த்தினால் கையில் ஒட்டாது. சைவ வீட்டுக்காரர்கள் பன்னீர், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கேரட் கொண்டு போகலாம்.

வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், சைலிட்டால் சேர்த்த இனிப்புகள் நாய்க்கு விஷம். குழம்பில் கிடந்த கறியைக் கழுவிக் கொடுப்பதும் கூடாது, வெங்காயச் சாறு அதற்குள் இறங்கியிருக்கும். தின்பண்டம் நாளின் மொத்த உணவில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். அன்றைய சாப்பாட்டில் அந்த அளவைக் குறைத்துவிடுங்கள்.

8. வகுப்புக்கு இரண்டு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். வயிறு நிறையத் தின்றுவிட்டு ஓடினால், நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. அது உயிருக்கே ஆபத்து.

9. கழுத்துப் பட்டைக்குப் பதில் ஹார்னஸ் வாங்குங்கள்.

நெஞ்சுப் பகுதியில் ‘ஒய்’ வடிவில் வரும் ஹார்னஸ் தோளின் அசைவைத் தடுக்காது. கட்டிய பிறகு இரண்டு விரல் உள்ளே நுழைய வேண்டும். கயிறு ஆறடி நீளம் போதும். உருளையிலிருந்து நீண்டுகொண்டே போகும் கயிற்றை வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டாம், மற்ற நாய்களின் காலில் சுற்றிக்கொள்ளும்.

10. வெயிலை ஒருபோதும் குறைத்து மதிப்பிடாதீர்கள்.

நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைப்பதுதான் அதற்குக் குளிர்ச்சி. காற்றில் ஈரப்பதம் அதிகமுள்ள கடலோர ஊர்களில் அந்த வழியும் பாதிதான் பலன் தரும். பிப்ரவரி கடைசியிலிருந்தே ஓடும் வகுப்புகளைக் காலை ஏழு மணிக்குள் முடிப்பவர்களிடம் சேருங்கள். புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் நாயின் பாதத்தாலும் முடியாது. பக், ஷிட்சு, புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு ஓட்ட விளையாட்டே வேண்டாம்.

நாயின் இயல்பான உடல் சூடு 101-லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடினால் வெப்பத் தாக்குதல் என்று கொள்ளுங்கள். நிழலுக்குக் கொண்டுபோய்க் குழாய்த் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி ஊற்றி விசிறுங்கள். ஈரத் துண்டைப் போர்த்திவிடாதீர்கள், உள்ளே சூடு அடைபடும். குளிர வைத்தபடியே மருத்துவரிடம் விரையுங்கள். சற்றுத் தெளிந்தாலும் மருத்துவரிடம் போகாமல் இருக்கக் கூடாது, உள்ளுறுப்புப் பாதிப்பு பிறகுதான் தெரியும்.

11. முதல் வகுப்பில் எதுவும் சாதிக்க வேண்டாம்.

புது வாசனை, புது மனிதர்கள், புது நாய்கள். கூட்டத்திலிருந்து தள்ளி, உங்கள் நாய் தின்பண்டத்தைச் சாதாரணமாக வாங்கித் தின்னும் தூரத்தில் உட்காருங்கள். தின்ன மறுத்தால் அந்தத் தூரம் போதவில்லை என்று பொருள், இன்னும் பின்னால் போங்கள். மற்ற நாயோடு மூக்கோடு மூக்கு வைத்து ‘அறிமுகம்’ செய்துவைக்க வேண்டியதில்லை. பக்கத்தில் மற்ற நாய்கள் இருந்தும் தன் பாட்டுக்கு அமைதியாகப் படுத்திருக்கக் கற்பது எந்தத் தாண்டுகம்பியையும்விடப் பெரிய பாடம்.

12. நாயின் உடம்பு பேசுவதைக் கவனிக்கப் பழகுங்கள்.

இந்தப் பட்டியலில் எனக்கு மிகப் பிடித்த குறிப்பு இது. தூக்கம் வராதபோதும் நாய் கொட்டாவி விட்டால், அதற்கு மனச் சங்கடம். பக்கத்தில் உணவில்லாமலே உதட்டை நக்கிக்கொண்டால், தலையை வேறு பக்கம் திருப்பினால், ஒரு முன்னங்காலைத் தூக்கி நிறுத்தினால், கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரிந்தால், நனையாதபோதே உடம்பை உதறினால், ‘எனக்கு இது கஷ்டமாக இருக்கிறது’ என்று அது சொல்கிறது. பயிற்சி நடுவே திடீரென்று தரையை முகர ஆரம்பித்தால் அடம் பிடிக்கிறது என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும், சொன்னது புரியாத குழப்பத்தில்தான் அப்படிச் செய்யும்.

வாலாட்டினால் மகிழ்ச்சி என்று எல்லாரும் நம்புகிறோம். வால் விறைப்பாக மேலே நின்று, நுனி மட்டும் வேகமாக ஆடினால் அந்த நாயிடம் கை நீட்டக் கூடாது. உடம்பே வளைந்து, இடுப்போடு சேர்ந்து ஆடும் வால்தான் வரவேற்கும் வால். ‘திடீரென்று கடித்துவிட்டது’ என்று சொல்லப்படும் பல கடிகளுக்கு முன்னால் இந்த அடையாளங்களில் இரண்டு மூன்றாவது வந்து போயிருக்கும். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். உடன் பயிலும் நாய்களையும் அருகில் நின்று பார்க்கும் வாய்ப்பு வகுப்பில்தான் கிடைக்கிறது. உங்கள் முறை வராத நேரத்தில் செல்போனை எடுக்காமல் இதைப் பாருங்கள்.

13. வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்லுங்கள்.

அப்பா ‘சிட்’ என்கிறார், அம்மா ‘உட்காரு’ என்கிறார், பிள்ளைகள் ‘உக்காருடா, உக்காருடா’ என்று பத்து முறை சொல்கிறார்கள். நாய் யார் சொல்வதைக் கேட்கும்? தமிழோ ஆங்கிலமோ, நாய்க்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு செயலுக்கு ஒரு சொல் என்று முடிவு செய்து, தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். சொல்வது ஒரே முறை. செய்யாவிட்டால் திரும்பக் கத்தாமல், சுலபமாக்கிக் கேளுங்கள்.

14. சரியாகச் செய்த கணத்தைச் சுட்டிக் காட்டுங்கள்.

‘கிளிக்’ என்று ஓசை தரும் கிளிக்கர் என்ற சிறு கருவியை நாய்ப் பயிற்சியில் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் கேரன் பிரையர். ஹவாயில் டால்ஃபின்களைப் பழக்கியவர். நீந்திக்கொண்டிருக்கும் டால்ஃபினைக் கயிறு கட்டி இழுக்க முடியாது, அடிக்கவும் முடியாது. சரியாகச் செய்த அந்த நொடியில் ஒரு விசில், உடனே ஒரு மீன். அதே வழிதான் இங்கேயும். கிளிக்கர் இல்லாவிட்டால் ‘சபாஷ்’ போன்ற ஒரு சிறு சொல் போதும். சொன்ன உடனே தின்பண்டம் வர வேண்டும். தாமதித்தால் எதற்குக் கிடைத்தது என்று நாய்க்குப் புரியாது.

15. வீட்டுப் பாடம் ஐந்து நிமிடம்தான்.

சாப்பாட்டுக்கு முன்னால் செய்தால் ஆர்வம் தானாக வரும். நன்றாகச் செய்துகொண்டிருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பிடித்து வைத்துப் பழக்குவதைவிடத் தினம் ஐந்து நிமிடம் பலன் தரும். பயிற்சி முடிந்ததும் தூங்க விடுங்கள், எழுப்பி விளையாட்டுக் காட்ட வேண்டாம்.

16. நாட்டு நாய் வளர்ப்பவர்கள் தயங்க வேண்டாம்.

‘இந்த வகுப்பெல்லாம் ஃபாரின் நாய்க்குத்தான்’ என்ற நினைப்பு இன்னும் இருக்கிறது. உடம்பு இறுக்கம், வெயில் தாங்கும் சக்தி, சட்டென்று திரும்பும் லாகவம் எல்லாவற்றிலும் நம் தெருநாய் வம்சம் அஜிலிட்டிக்குத் தோதானது. சிப்பிப்பாறை, கன்னி இரண்டும் கண்ணால் பார்த்து விரட்டும் வேட்டை நாய்கள். ஆனால் முயல் வேட்டை 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்த ஓட்ட வெறிக்கு வடிகாலாக, இழுத்துச் செல்லப்படும் ஒரு வெள்ளைப் பையைத் துரத்தும் லூர் கோர்சிங் என்ற விளையாட்டு இருக்கிறது. வீட்டில் அதையே சின்னதாகச் செய்யலாம். நீளமான கம்பின் நுனியில் கயிறு கட்டி, கயிற்றின் முனையில் பழந்துணியை முடிந்து, தரையோடு தரையாக இழுத்து விளையாடுங்கள். உயரத் தூக்கிக் குதிக்க வைக்காதீர்கள். அவ்வப்போது பிடிக்க விட வேண்டும், இல்லாவிட்டால் ஏமாற்றத்தில் எரிச்சல்தான் வளரும். ராஜபாளையம் இனத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே காது கேளாமல் இருப்பதுண்டு. கூப்பிட்டும் திரும்பாத குட்டியை அடம் என்று முடிவு கட்டாமல் காதைச் சோதியுங்கள். கையசைவாலேயே முழுப் பாடமும் கற்றுக்கொடுக்க முடியும்.

17. பிள்ளைகளையும் பெரியவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் பெட்டிக்குள் தின்பண்டம் ஒளித்துவைக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தால், நாயின் வாயில் கை வைக்காமலே அதோடு விளையாடப் பழகுவார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கும் தாத்தா பாட்டிக்கு வாரம் ஒருமுறை வெளியே போக ஒரு காரணமும், பேச நாலு பேரும் கிடைப்பார்கள்.

18. பெட்டை நாய் ஹீட்டில் இருக்கும்போது வகுப்புக்கு விடுமுறை. பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டால் போதும். காய்ச்சல், பேதி, இருமல் இருந்தாலும் அப்படியே. மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரை நாய் குடிக்க விடாதீர்கள். எலிக் காய்ச்சல் அதன் வழியாக வரும், மனிதருக்கும் பரவும். அதற்கான லெப்டோ தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

19. வகுப்பில் கற்றதை வீட்டு வேலைக்குத் திருப்புங்கள்.

பயன் முழுதாகக் கைக்கு வருவது இங்கேதான். ‘உன் பாயில் போய்ப் படு’ என்று பழகிய நாயை, காலிங் பெல் அடித்ததும் பாய்க்கு அனுப்பலாம். கூரியர்க்காரர் பயமில்லாமல் நிற்பார். பலகை மேல் அசையாமல் நிற்கப் பழகிய நாய் மருத்துவர் மேசையிலும் நிற்கும். பாதத்தைக் கையில் கொடுக்கப் பழகினால் நகம் வெட்டுவது சண்டையாகாது. ‘வா’ என்றால் எதை விட்டும் ஓடி வரும் பழக்கம், திறந்திருந்த கேட்டைத் தாண்டிய நாயை ரோட்டிலிருந்து காப்பாற்றும்.

தீபாவளி இரவுக்கும் இதிலேயே ஒரு வழி உண்டு. சாயங்காலமே நாயை உள் அறைக்குக் கொண்டுபோய், ஜன்னலை மூடித் திரை போட்டு, மின்விசிறியையும் டிவியையும் ஓட விட்டு, அட்டைப் பெட்டி மோப்ப விளையாட்டைத் தொடங்குங்கள். மூக்கு வேலை செய்யும்போது வெடிச் சத்தத்தின் மேல் உள்ள கவனம் குறையும். நடுக்கம் அதிகமுள்ள நாய்க்கு இது மட்டும் போதாது. மருந்து வேண்டுமா என்று பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

20. உங்கள் ஊரில் வகுப்பு இல்லையா?

மொட்டை மாடியே மைதானம். இரண்டு வாளிகளைக் கவிழ்த்து, மேலே விளக்குமாற்றுக் கம்பை வையுங்கள். கணுக்கால் உயரம்தான் இருக்க வேண்டும், நாய் தட்டினால் கம்பு விழ வேண்டும். நாற்காலிகளை வரிசையாகப் போட்டுப் பழைய பெட்ஷீட்டைப் போர்த்தினால் சுரங்கம். தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை இடைவெளி விட்டு நிறுத்தினால் வளைந்து போகும் தடம். டைல்ஸ் தரையில் ஓட விடாதீர்கள், வழுக்கித் தசை பிடித்துக்கொள்ளும். கயிற்றுப் பாயோ ரப்பர் விரிப்போ போடுங்கள். கைப்பிடிச் சுவர் உயரமாக இல்லாத மாடியில் நாயை அவிழ்த்து விடவே கூடாது. அக்கம்பக்கத்தில் நாய் வளர்க்கும் இரண்டு குடும்பங்கள் சேர்ந்து, ஊருக்கு வந்து போகும் பயிற்சியாளர் ஒருவரை மாதம் ஒருமுறை அழைத்தால் செலவும் பங்கிடப்படும்.

21. போட்டிக்குப் போக ஆசை வந்தால்.

கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. பல ஊர் நாய்க் கண்காட்சிகளில் கீழ்ப்படிதல் போட்டிகளும் நடக்கின்றன. முதலில் பார்வையாளராக ஒருமுறை போய்விட்டு வாருங்கள், அந்தக் கூட்டத்தை உங்கள் நாய் தாங்குமா என்று உங்களுக்கே தெரியும். போட்டியன்று நாய் எல்லாவற்றையும் மறந்து உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் கோபிக்காதீர்கள். நாயும் வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்த்தால் இருவருக்கும் பாசப் பிணைப்போடு தொடர்புள்ள ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனின் சுரப்பு கூடுகிறது என்று ஜப்பானில் மிஹோ நாகசாவா குழு 2015-ல் காட்டியது. பயம் வந்தால் அது உங்களைத் தேடுகிறது, அவ்வளவுதான். தடவிக் கொடுத்து வெளியே அழைத்து வந்துவிடுங்கள்.

22. வயது ஏறியதும் ஆட்டத்தை நிறுத்தாமல் மாற்றுங்கள்.

ஏழெட்டு வயதுக்கு மேல் கம்பியின் உயரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். படியேறத் தயங்கினாலோ, எழுந்ததும் காலை விறைப்பாக வைத்தாலோ தாண்டுவதை அன்றோடு விட்டுவிட்டு மூட்டைப் பரிசோதியுங்கள். ராலி நடை இன்னும் சில ஆண்டுகள் தாங்கும். மோப்ப விளையாட்டுக்கு வயது வரம்பே கிடையாது. கண் மங்கிய நாய்க்குப் பெட்டிகளை எப்போதும் ஒரே அறையில், சாமான் இடிக்காத இடத்தில் பரப்புங்கள். தேடும் நேரத்தைக் குறைத்து, கண்டுபிடிக்கும் துண்டுகளைக் கூட்டிக்கொள்ளுங்கள். பல் விழுந்திருந்தால் ஈரலை மசித்து மூடியில் தடவி வையுங்கள்.